பொருள்வயிற் பிரிந்தோர் கட்டிய வீதி

காரைக்குடியிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் பெருவழியை விட்டுச் சிறிது விலகிக் கானாடுகாத்தானுக்குள் நுழைவோர், தாம் வந்தது சிற்றூரோ பெருநகரோ என்று ஐயுறுதல் இயல்பு. சுற்றிலும் செம்மண் நிலம், மழை பெய்தாலன்றி நிரம்பாத கண்மாய்கள், கருவேலங்காடு. இவற்றின் நடுவே, நூல் பிடித்துக் கோடிட்டாற்போல நேராக ஓடும் அகன்ற தெருக்களும், அவற்றின் இருமருங்கும் எழுந்து நிற்கும் மாளிகைகளும் உள. மாளிகைகளின் உச்சியில் சுதையால் இயன்ற கஜலட்சுமி வீற்றிருப்பாள்; சில வீடுகளில் அவளுக்கு அயலிலே சிப்பாய்த் தொப்பி அணிந்த வெள்ளையர் காவல் நிற்பர். இக்கூட்டினை எந்தச் சிற்பநூலும் விதித்ததாக யான் கேட்டதில்லை. இத்துணைப் பெருவீடுகள் நிற்கும் தெருவொன்றில் சென்ற கோடை விடுமுறையில் ஒரு நண்பகற்போது யான் கண்ட உயிர்கள், நிழலில் படுத்து அசைபோட்ட இரண்டு ஆடுகளும் ஒரு மிதிவண்டிக்காரருமே.

எம் ஊர் அதற்கு மிக அண்மையிலுள்ளது. ஆதலின் அவ்வீதிகள் எனக்குப் புதியன அல்ல. ஆயினும் தமிழ் சிறப்பு வகுப்பிற் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே அவற்றைக் கண் திறந்து பார்க்கத் தொடங்கினேன் எனலாம்.

கானாடுகாத்தான் என்றவுடன் யாவரும் வினவுவது அரண்மனையைப் பற்றியே. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1881-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்தவர். அவர் எழுப்பிய செட்டிநாட்டு அரண்மனை 1912-ஆம் ஆண்டினது என்பர். தமிழ் பயில்வோர் அவர் பெயரை மறத்தல் அரிது. 1920-இல் சிதம்பரத்தில் அவர் தொடங்கிய கல்லூரியே 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாய் வளர்ந்தது. இடையே அவர் நிறுவிய தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தலைவராய் இருந்தார். பிற்காலத்தில் தமிழிசை இயக்கத்திற்கும் அவரே பெருந்துணை. இவையெல்லாம் பலரும் எழுதியன. யான் எழுதப் புகுந்தது அரண்மனையைப் பற்றியன்று. அதனையொட்டிய தெருக்களில் வரிசையாக நிற்கும் மற்றை வீடுகளைப் பற்றியும், அவற்றில் வாழ்ந்தோரைப் பற்றியுமே.

முதலில் வீட்டின் அமைப்பைக் கூறுவேன். நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாயிலில் நின்று நோக்கினால், கதவுகள் யாவும் திறந்திருப்பின், ஒன்றனுள் ஒன்றாகத் தோன்றும் நிலைகளின் வழியே புறக்கடை வெளிச்சம் ஒரு சிறு சதுரமாய்த் தெரியும். தெருவை அடுத்தது முகப்பு. அங்கே உயர்ந்த திண்ணைகள். கணக்குப் பார்ப்பதும் விருந்தினரை இருத்துவதும் அவற்றின்மேல். அதனைக் கடந்தால் வளவு. வளவு என்பது மனை என்னும் பொருள்பட்ட பழஞ்சொல். அது செட்டிநாட்டில் இன்றும் பேச்சில் வழங்குவது கேட்டு மகிழ்ந்தேன். நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழத் தூண் நிரைத்த தாழ்வாரம். தாழ்வாரத்தின் இருபுறமும் அறைகள். அதற்குப் பின் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு, தோட்டம். இலக்கண வகுப்பில் 'முன்றில்' என்பதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக ஓதும்போது, இல்லின்முன் என்பது சொல் மாறி நின்றதென்று மட்டுமே அறிந்திருந்தேன். அவ்வீட்டு முகப்பில் நின்றபோதுதான் அச்சொல் எத்துணை இடத்தை உள்ளடக்கியதென்று விளங்கிற்று.

பொருள்களோ பல நாட்டின. தூணும் உத்தரமும் கதவும் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலியச் சலவைக்கல். சாளரத்திலும் கண்ணாடிச் சட்டங்களிலும் பெல்ஜியம் நாட்டுக் கண்ணாடி. சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்த பூவேலைப் பளிங்கோடுகள். இவற்றைக் கண்டு வியப்போர் மிகப் பலர். எனக்கோ உள்ளூர்ப் பொருள்களே பெருவியப்பு. ஆத்தங்குடியில் தரையோடு செய்வோர் சூளையிட்டுச் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணங் கலந்த சிமிட்டியைக் கோலத்தின் அறைதோறும் ஊற்றி, அச்சினை எடுத்துவிட்டு, மேலே சிமிட்டியும் மணலும் இட்டு அமுக்கி, நீரில் ஊற வைத்து உலர்த்துவர். கண்ணாடியினின்று பிரித்தெடுக்கும்போதே முகம் மின்னும். மேலும் அடி படப்பட அதன் மினுமினுப்பு மிகும். நடப்பாரில்லாத வீட்டிலோ மங்கும். சுவர்ப்பூச்சும் அத்தகையதே. சுண்ணாம்பை நாட்பட ஊறவைத்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து, பூச்சின்மேற் பூச்சாக ஏற்றி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். கோடையில் அச்சுவரிற் கன்னத்தை வைத்தால் மண்பானையைத் தொட்டாற்போற் குளிரும்.

இவ்வளவும் எங்கிருந்து வந்தன? வானம் பார்த்த நிலத்தில் விளைந்த செல்வம் அன்று. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசப்பட்டதும், 1869-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடு நெல்வயலாயிற்று. உழவர்க்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கிகள் அஞ்சின, நகரத்தார் கொடுத்தனர். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா வங்கித்தொழில் விசாரணைக் குழுவினர், அந்நாட்டில் நகரத்தார் கடைகள் 1,655 என்றும், அவற்றில் இட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டனர். மலேயா, இலங்கை, சைகோன் ஆகிய இடங்களிலும் கடைகள் இருந்தன. கானாடுகாத்தான் வீதியில் நிற்கும் ஒவ்வொரு தேக்குத் தூணும் அந்நெல்லின் விலையை ஊன்றுகோலாகக் கொண்டே நின்றது. அந்நெல்லை விளைத்த பர்மிய உழவனின் குடிசை எத்தகையது என்று இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் கேட்பதில்லை. யானும் அதனைக் காணாதவள். கேளாதிருத்தல் முறையன்று என்பதனால் இங்கே குறித்தேன்.

இனி, வாழ்ந்தோர். முகப்பின் மேலே குடும்பத்தாரின் விலாசம், பாட்டன் தந்தை பெயர்களின் முதலெழுத்துகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பித்தளை அண்டாவிலும் வெற்றிலைப் பெட்டியிலும் அவ்வெழுத்துகளே. எழுத்துகளுக்குரியோர் யாவரும் ஆடவர். ஆனால் அவ்வாடவர் அவ்வீட்டில் எத்தனை நாள் இருந்தனர் என்று கணக்கிட்டால் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றும். கடைக்கு மேலாளாகச் செல்வோர்க்கு மூன்றாண்டு ஒரு கணக்கு. மூன்றாண்டு ரங்கூனிலோ மோல்மேனிலோ இருந்து, கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்பி, சில திங்கள் தங்கி, மகவொன்றின் முகம் பார்த்தோ பாராமலோ மறுபடியும் கப்பலேறுவர். இவ்வாறு ஐந்து கணக்கு, ஆறு கணக்கு. மாளிகையைக் கட்டியவர் அங்கு விருந்தினரைப்போலவே வந்து சென்றார். அவர் நெடுநாள் உறங்கிய இடம் ரங்கூன் கிட்டங்கியில் ஒரு பெட்டியும் பாயும் கொள்ளும் அளவினது.

நண்பர்காள், அகப்பொருள் கற்ற நமக்கு இது புதிய செய்தியா? பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு. பிரிவுகளுள் ஒன்று பொருள்வயிற் பிரிவு. கடல் கடந்து செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் கூறும். அந்நூற்பாவை வகுப்பிற் கேட்டபோது, முன்னொரு காலத்து வழக்கமென்று குறித்துக்கொண்டேன். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலும், எம் ஊருக்கு அடுத்த ஊரில், தெருத் தெருவாக அந்நூற்பாவின்படி வாழ்ந்திருக்கின்றனர். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனையை நூலிட்டு அளந்து திசை தேர்ந்து கட்டுவதையும், இரட்டைக் கதவு பொருத்திய நெடுநிலைக்கு நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருத்தலையும் பேரழகாக விரித்துரைப்பார்; விரித்துரைத்த பின் அவ்வரண்மனையினுள்ளே காட்டுவது, கணவன் பாசறையில் இருக்கத் துயில் கொள்ளாது கிடக்கும் ஒருத்தியையே. இவ்வளவு பெரிய கட்டடம் எதற்காக வருணிக்கப்பட்டது என்று யான் முன்னர் வியந்ததுண்டு. பிரிவின் பரப்பளவை அறிவிக்க அதுவே தக்க அளவுகோல் போலும்.

அத்தகைய வீடொன்றில் இன்று தனியே வாழும் ஆச்சி ஒருவரை யான் நன்கு அறிவேன். என் பாட்டி அவ்வீட்டில் நெல் அவித்தும் வற்றல் இட்டும் பல்லாண்டு வேலை செய்தவர். அவ்வுறவால் எனக்கு வளவுக்குள் செல்ல இசைவுண்டு. ஆச்சிக்கு அகவை எண்பத்தைந்து. பதினேழாம் வயதில் மணமாகி அங்கு வந்தார். அவர் காட்டித் தந்த பின்னரே அவ்வீட்டை எண்ணக் கற்றேன். வளவின் ஒருபுறத்தில் ஓர் அறையும் அதற்குள் ஓர் உள்ளறையும். அது மூத்த மகனுக்கு. அடுத்த இணை அறைகள் இரண்டாம் மகனுக்கு. மணமான ஒவ்வோர் இணையும் கோயிற் கணக்கில் ஒரு புள்ளி. மணமான சில காலத்தில் மாமியார் மருமகளை வேறு வைப்பார். அஃதாவது அரிசி, பருப்பு, பாத்திரம் யாவும் அளந்து கொடுத்துத் தனி அடுப்பு மூட்டுவிப்பார். கூரை ஒன்று; அடுப்பு பல. "ஒரே வளவுல ஏழு அடுப்பு எரிஞ்சது ஆத்தா, ஏழு வீட்டுக் குழம்பும் ஏழு மணம்" என்று ஆச்சி கூறினார். ஏழு அடுப்புக்கும் உரியவர் எழுவர் பெண்டிர். அவர் கணவருள் ஒருகாலத்தில் ஐவர் கடலுக்கு அப்பால்.

அவ்வேழ்வரும் வாளா காத்திருந்தனர் என்று எண்ணற்க. நிலக்குத்தகை வாங்கியது, வட்டிக்குச் சிறு தொகை விட்டது, மகளுக்கு வேண்டும் வெள்ளியும் வெண்கலமும் ஆண்டுதோறும் சேர்த்து மேல்வீட்டில் அடுக்கியது, பனையோலையில் கொட்டான் முடைந்தது, கொத்தனாரிடம் வழக்காடியது எல்லாம் அவர்களே. ஆச்சியின் மாமியார் மேல்மாடிப் பூச்சினைத் தம் கன்னத்தால் தேய்த்துப் பார்த்து, சொரசொரப்பு இருந்த இடத்தை மீண்டும் இடித்துப் பூசச் சொன்னாராம். அப்பெண்மணியின் பெயர் அவ்வீட்டில் எங்கும் பொறிக்கப்படவில்லை.

வீழ்ச்சி விரைவில் வந்தது. 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட இயலாத உழவரின் நிலம் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தது. பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நகரத்தார் நிலம் 1938-இல் 25 பங்காயிற்று. காகிதத்தில் அது செல்வம், கையில் காசில்லை, பர்மியரின் சினமோ நாளும் வளர்ந்தது. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு வீசினர். கப்பல் கிடைத்தோர் கப்பலிலும், கிடையாதோர் அரக்கான் மலைவழியும் மணிப்பூர்க் காட்டுவழியும் நடந்தும் வந்தனர். ஆச்சியின் பெரிய மாமனார் நடந்து வந்தவர். வாயிற்படியில் நின்ற அவரை இரவலர் என்று எண்ணி வேலைக்காரி அரிசி கொண்டுவந்தாள் என்பது அவ்வீட்டில் வழங்கும் செய்தி. 1948-இல் பர்மிய அரசு நில உடைமைச் சட்டம் இயற்றிற்று. 1963-இல் வங்கிகளும் அரசுடைமையாயின. அதன்பின் ரங்கூனிலிருந்து எதிர்நோக்குதற்கு ஒன்றுமில்லை.

வீடுகள் மட்டும் நின்றன. ஏழு புள்ளிகள் மூன்று தலைமுறையில் எழுபது பங்காளிகளாயினர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றவும் எழுபது பேர் இசைய வேண்டும். இசைவது அரிது, ஆகவே மழை முதலில் இசைந்துவிடுகிறது. உத்தரம் நனைந்து ஒரு மூலை சரிந்த பின், எழுபது பேரும் ஒருங்கே உடன்படும் தீர்மானம் ஒன்றே: பிரித்து விற்றுவிடுதல்.

இங்கேதான் எம் குடும்பம் இக்கதையில் நுழைகிறது. என் பாட்டனார் தச்சர். இளமையில் அவ்வூர் வீடுகளில் கதவு செப்பனிட்டுப் பிழைத்தவர். பின்னர் வீடு பிரிக்கும் தொழிலுக்கு வந்தார். நாற்பது ஆண்டுகளாக அதுவே எங்கள் சோறு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் நிலைகளுள் அவர் கை படாதன சிலவே. அவை அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கேரளத்து விடுதிகளுக்கும் செல்கின்றன. என் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், இக்கட்டுரை எழுதும் பேனா ஆகிய யாவும் அத்தூண்களிலிருந்து வந்தனவே.

சென்ற தைத் திங்களில் நம் வகுப்புத் தோழியர் சிலர் கானாடுகாத்தானைக் காண வந்தனர். ஒரு தெருவின் நடுவே, பல் விழுந்த வாய்போல, ஒரு வீடு முழுதும் பிரிக்கப்பட்டு வெற்றிடம் கிடந்தது. "இதைச் செய்தவர்களுக்கு மனமே இராதா?" என்றார் ஒருத்தி. அவ்வீட்டைப் பிரித்தவர் என் பாட்டனார். யான் விடை கூறவில்லை. கூற எண்ணியவற்றை இங்கே கூறுகிறேன்.

பிரித்தல் எளிதன்று. பழைய தச்சர் இரும்பாணியை நம்பாமல் மரத்தை மரத்தோடு கோத்தனர். எந்த ஆப்பை முதலில் தட்டினால் எந்தச் சட்டம் நெகிழும் என்று அறியாதவன் கை வைத்தால் நூறாண்டுத் தேக்கும் பிளந்துவிடும். நாங்கள் கிறிஸ்தவர்கள், நிலைக்கு மேலே செதுக்கிய திருமகள் எங்கள் வழிபாட்டிற்குரியவள் அல்லள். ஆயினும் அப்பலகையைக் கழற்றும் நாளில் பாட்டனார் வேறு வேலை தொடுவதில்லை. தம் மேல்துண்டைச் சுற்றித்தான் கீழிறக்குவார். "கரையானுக்குக் கொடுக்கிறதுக்கு ஒருத்தன் வீட்டு வாசல்ல நிக்கட்டுமே" என்பது அவர் வாதம்.

அவ்வாதம் முழுதும் எனக்கு உடன்பாடன்று. விடுதியொன்றின் உணவறையில் சுவரோடு சார்த்திய கதவு திறப்பதில்லை. திறவாத கதவைக் கதவென்று எவ்வாறு கூறுவது? இடம்பெயர்ந்தும் உயிர் பிழைத்தவை இல்லாமலுமில்லை. முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடொன்றை மீண்டும் நிறுத்தியுள்ளனர். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீடு நிறையத் தொகுத்த தமிழ் நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குச் சென்று, 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாய் நிற்கின்றன. அவை அவ்வீட்டிலேயே இருந்திருப்பின் நம்மனோர் எத்துணைப் பேர் கண்டிருப்பர்? நூலுக்குப் பொருந்துவது தூணுக்கும் பொருந்துமோ என்றால், பொருந்தாது என்றே தோன்றுகிறது. நூல் எங்கிருப்பினும் தன் செய்தியைத் தானே கூறும். தூணோ, எந்தத் தாழ்வாரத்தில் எவர் சாய்ந்து அமர்ந்த தூண் என்று பக்கத்தில் ஒருவர் நின்று சொன்னாலன்றி ஊமை. 2014-இல் இச்செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. நன்று, ஆயின் பட்டியல் ஓடு மாற்றித் தருவதில்லை.

பாட்டனாரிடம் ஒரு பழக்கமுண்டு. பிரிக்கும் வீட்டின் ஒவ்வோர் உறுப்பிற்கும் சுண்ணாம்பால் எண்ணிட்டு, அவ்வெண்களை இடமறிந்து ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொள்வார். வாங்குவோர் எவரும் அதனைக் கேட்பதில்லை. "திரும்பக் கட்டணும்னா தெரியணுமில்ல" என்பார். எவரும் திரும்பக் கட்டியதில்லை. அத்தகைய ஏடுகள் பதினொன்று எங்கள் வீட்டுப் பரணில் உள. கரித்துண்டால் வரைந்த கோடுகள். நிலை, தூண், உத்தரம், அளவு. மனிதர் பெயர் ஒன்றுமில்லை.

ஆச்சியின் வீட்டிற்கும் ஏடு தொடங்கியாயிற்று. பங்காளிகள் உடன்பட்டு வருகின்றனர். அவரை மதுரையிலுள்ள மகள் அழைத்துச் செல்லவிருக்கிறாள். பாட்டனார் சென்ற திங்கள் அளவெடுக்கச் சென்றபோது ஆச்சி தாமே விளக்கேந்தி அறை அறையாகக் காட்டினார். யான் ஏட்டைப் பிடித்துக்கொண்டு பின்னே சென்றேன். அவர் அளவு சொல்லச் சொல்ல எழுதினேன்; ஆச்சி சொன்னவற்றை, அவர் சொன்னபடியே, ஓரத்தில் எழுதினேன். பன்னிரண்டாம் எண் நிலை: தேக்கு, உயரம் ஏழடி, பழுதில்லை, இரண்டாம் மருமகள் அறை, மூன்று பிள்ளைப்பேறு. பத்தொன்பதாம் எண் தூண்: அடியில் சிறிது செல், மாமியார் கணக்கு எழுதச் சாயும் இடம். இருபத்துமூன்றாம் எண் சாளரம்: ஒரு கண்ணாடி இல்லை, தபால்காரர் வருகிறாரா என்று பார்க்கும் சாளரம், ஏழுபேரும் முறை வைத்துக்கொண்டது.